இலோனா கேட்ட டிரா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலையில்லாமல் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் கிடைத்த கதை இது. எஸ்பெராண்டோ பேசுகிறவர்களுக்கென்று நாடுகளுக்கு இடையே குழுச் சதுரங்கப் போட்டி நடக்கிறதாம்.* போடிநாயக்கனூரில் இதை யார் ஆடப்போகிறார்கள் என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கிருபாராணி மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

* எல்லா நாட்டவரும் பொதுவாகப் பேசட்டும் என்று ஒருவர் மெனக்கெட்டு உருவாக்கிய மொழி. எனக்குத் தெரியாது. அதனால் இங்கே எல்லாரும் தமிழே பேசுவார்கள்.

2

“குரங்கணி மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது…”

வேண்டாம். போடியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே இந்த மேகம் இறங்கிவிடுகிறது.

“ஏலக்காய் வியாபாரி ஸ்டான்லி தன் மனைவியை அடக்கி…”

இதுவும் வேண்டாம். ஸ்டான்லி அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது செல்போனைப் பார்த்து அந்த மொழியைக் கற்றவர் அவர். பள்ளிக்கூடத்திலேயே சதுரங்கம் ஆடியவள் அவர் மனைவி கிருபாராணி. மொழியை அவர் கொடுத்தார், ஆட்டத்தை இவள் கொடுத்தாள். இப்படித்தான் இந்திய அணியின் நாலு பேரில் ரெண்டு பேர் போடியில் ஏலக்காய்க் கடை மாடியில், ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அணித்தலைவர் ஸ்டான்லி.

3

எதிரணி ஹங்கேரி. ரெண்டுக்கு ரெண்டு என்று சமமானாலே இந்தியா மேல் பிரிவுக்குப் போய்விடும். மூன்று ஆட்டங்கள் முடிந்துவிட்டன. வடக்கே இருந்து ஆடிய இருவரில் ஒருவர் வென்றார், ஒருவர் டிரா. ஸ்டான்லி தோற்றுவிட்டார். கிருபாராணிக்கு அரைப் புள்ளி கிடைத்தால் போதும்.

அவளோடு ஆடுபவள் இலோனா, ஓய்வுபெற்ற நர்ஸ். நல்ல சிநேகிதி, பேரப்பிள்ளை படமெல்லாம் அனுப்புவாள். பலகையில் மட்டும் இரக்கம் கிடையாது. கிருபாராணி அவளை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இன்றைக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து இலோனா டிரா கேட்கிறாள்.

4

[ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்தில் ஸ்டான்லி எப்படி விற்பார் என்று இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். விலை இறங்குமுன் தள்ளிவிடுகிற கை அவருக்கு. கதை நகரவில்லை, அடித்துவிட்டேன்.]

5

விதிப்படி, அணித்தலைவர் டிராவை “ஒத்துக்கொள்” என்றோ “ஆடு” என்றோ சொல்லலாம். காய்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

“ஒத்துக்கிரு கிருபா. அரைப் புள்ளி போதும்.”

“இல்லங்க… ஜெயிச்சிருவேன்னு தோணுது.”

“கொஞ்ச முந்தி எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

[இவ்வளவுகூடப் பேசக் கூடாதுதான். புருஷன் பொண்டாட்டியை நான் எப்படிப் பிரித்து உட்காரவைப்பது?]

அவள் டிரா செய்தால் அவருடைய தோல்வியும் மறைந்துபோகும். அது அவருக்கே தெரியும். அதனால்தான் குரலை இறக்கிச் சொல்கிறார்.

“இன்னொரு நாளைக்கு ஜெயிச்சுக்கலாம்.”

“இன்னொரு நாளைக்கு இப்படி ஆட்டம் அமையுமாங்க?”

6

அவள் ஒத்துக்கொள்கிறாள். அணி மேலே போகிறது. ஸ்டான்லி பரோட்டா வாங்கிவருகிறார். எழுதி முடித்ததும் எனக்கே எரிச்சல் வந்தது.

மறுத்து ஆடுகிறாள், ஜெயிக்கிறாள். கைதட்டலுக்காக எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது.

மறுத்து ஆடுகிறாள், தோற்கிறாள். அணி கீழேயே நிற்கிறது. சாப்பிடும்போது ஸ்டான்லி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறார். அதை அவள்…

இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

என் மேசையில் காய்களை அடுக்கிப் பார்த்தேன். ஜெயிக்குமா என்று தெரியவில்லை. நான் சுமாரான ஆட்டக்காரன். செல்போனில் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். கேட்கவில்லை. அவளுக்குக் கிடைக்காத உதவி எனக்கு எதற்கு?

7

மூன்று முடிவுகளையும் திரும்பப் படித்தேன். புருஷன் சொன்னதைக் கேட்டாளா, மீறினாளா என்பதையே மூன்று தடவை எழுதியிருக்கிறேன். பலகையில் அவள் என்ன பார்த்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஸ்டான்லிக்காவது விதி ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுத்தது. எனக்கு அதுவும் இல்லை.

கீழே கடையிலிருந்து வேலைக்கார பையன் ஈஸ்வர் கூப்பிடுகிறான்.

“அண்ணே, குரங்கணி ஜீப்பு வந்துருச்சு. மூட்டைய எறக்கவா?”

“அக்கா யோசிச்சுக்கிட்டு இருக்கு. சத்தம் போடாம எறக்கு.”

ஸ்டான்லி தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். இலோனா காத்திருக்கிறாள். கிருபாராணியின் கடிகாரம் ஓடுகிறது.

உங்களுக்கு இந்நேரம் ஒரு முடிவு தோன்றியிருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பேசக் கூடாது. நானும் நிறுத்திக்கொள்கிறேன். அவள் யோசிக்கட்டும்.