சோன்குல் ஏரிக்கரையில் வேகாத சோறு

கிர்கிஸ்தான் போகிறேன் என்றதும் என் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அங்க என்னக்கா கோயில் இருக்கு?" என்பதுதான். ஒன்றும் இல்லை, மலைதான் இருக்கிறது என்றேன். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு கோயில் பார்க்க விமானம் ஏற வேண்டுமா என்ன?

என் பெயர் மணிமேகலை. தாலுகா அலுவலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஊரார் மனுக்களில் குறை கண்டுபிடித்துவிட்டு ஓய்வு பெற்றவள். எனக்கு வாயும் அதிகம், சர்க்கரையும் அதிகம்.

பாலக்கரை பரக்கத் அலி பாய்தான் இருபது பேரைச் சேர்த்து அழைத்துப் போனார். ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்தவர். நம்மூர் ஆட்கள் மூன்றாம் நாளே ரசம் கேட்பார்கள் என்பதால் சமையல்காரரையும் கூட்டிப் போவது அவர் வழக்கம். கிளம்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில் புதுச் சமையல்காரரை எழுப்பி நிறுத்தினார். எடமலைப்பட்டி புதூர் நல்லுசாமி. ஒரு மெஸ்ஸில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இந்த டூர் நல்லபடியா போச்சுன்னா இனிமே எல்லா டூருக்கும் அண்ணன்தான்" என்றார் பாய். நல்லுசாமி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பாய், நல்லுசாமி எடுத்து வர வேண்டிய சாமான்களின் பட்டியலைப் படித்தார். பெரிய குக்கர் கட்டாயம் என்றார். நான் ஜன்னல் சீட்டுக்காகப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

விமான நிலைய வாசலில்தான் அந்தக் குக்கரைப் பார்த்தேன். சாக்குக்குள்ளிருந்து கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. நான் சுத்த சைவம்.

"இதுல கறி வெச்சிருக்கீங்களா?" என்று நல்லுசாமியிடம் கேட்டேன்.

"நல்லா வெளக்கிட்டேம்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வெச்சதுதாம்மா."

"அப்ப அதுல பொங்குற சோறு எனக்கு வேணாம். தவலை இருக்குல்ல, அதுலயே வடிச்சுப் போடுங்க."

"பாய் கண்டிப்பா எடுத்துட்டு வரச் சொன்னாரும்மா."

"சாப்பிடப் போறது நானா, பாயா?"

நல்லுசாமி சாக்கைத் தூக்கினார். வழியனுப்ப வந்திருந்த மருமகனின் பைக்கில் சாக்கை ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். பாய் அப்போது எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு உள்ளே வரிசையில் நின்றிருந்தார். ஒரு மனுவைத் தள்ளுபடி செய்த திருப்தியோடு நானும் உள்ளே போனேன்.

முதல் நான்கு நாட்கள் ஒரு குறையும் இல்லை. தலைநகர் பிஷ்கெக்கில் வத்தக்குழம்பு, வழியில் ஒரு பெரிய ஏரிக்கரையில் எலுமிச்சை சாதம். சோறு பொலபொலவென்று இருந்தது. அந்தக் குக்கரை நான் மறந்தே போனேன்.

ஐந்தாம் நாள் வேன் வளைந்து வளைந்து ஏறி சோன்குல் ஏரியில் கொண்டுபோய் விட்டது. மூவாயிரம் மீட்டர் உயரம். ஜூலை மாதத்தில் பல் கிட்டியது. புல்வெளியில் வெள்ளைக் கம்பளிக் கூடாரங்கள், குதிரைகள், வேறு ஒன்றும் இல்லை. நல்லுசாமி காற்றுக்குத் தடுப்பு கட்டி அடுப்பு மூட்டினார். உலை தளதளவென்று கொதித்தது.

"பத்து நிமிஷம்மா, எல போட்டுரலாம்" என்றார். நான் கூடாரத்துக்குள் போய் இன்சுலின் போட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடம் அரை மணி ஆனது. அரை மணி முக்கால் மணி ஆனது. நல்லுசாமி பருக்கையை எடுத்து நசுக்குவதும் உதறுவதுமாக இருந்தார். புழுங்கலரிசி உள்ளே கல்லாகவே கிடந்தது. உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூடு அரிசிக்குப் போதாது, குக்கர் இல்லாமல் வேகாது என்று எங்கள் உள்ளூர் வழிகாட்டிப் பெண் ஐசாடா வந்து சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததில் சர்க்கரை இறங்கி, அப்படியே சரிந்துவிட்டேன். கூடாரக்காரி ஓடி வந்து என் தலையை மடியில் போட்டு, சர்க்கரை கரைத்த டீயைப் புகட்டினாள். ரொட்டியைப் பிய்த்து ஜாமில் தோய்த்து வாயில் திணித்தாள். சற்று முன்புவரை கறி பிய்த்துக்கொண்டிருந்த கை அது. நான் தின்றேன்.

கண் தெளிந்தபோது பாய் கத்திக்கொண்டிருந்தார். "குக்கர் எங்கண்ணே? படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

நல்லுசாமி என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன் பாய்" என்றார்.

இருபது பேர் சுற்றி நின்றார்கள். என் வாயில் ரொட்டி இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சொல்லவில்லை. மீதி ஐந்து நாளும் சொல்லவில்லை. மற்றவர்கள் அவர் முகத்துக்கு நேரே குறை சொன்னபோதும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பியும் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷனின் வேலை என் வாயால் போகக் கூடாது என்று ஒரு வாரம் கழித்துப் பாலக்கரைக்கு பஸ் ஏறினேன். பாயின் மனைவி ஷரபுன்னிசா டீ கொடுத்தாள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பாய் தன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "மறந்துட்டாருன்னுதான் நெனச்சேன். மறதி யாருக்கும் வரும், அடுத்த டூருக்கும் வாங்கண்ணேன்னு நேத்துதான் சொன்னேன்" என்றார்.

"அப்புறம் என்ன பாய்? தப்பு என்னோடது. அவரைக் கூட்டிட்டுப் போங்க."

"இல்லம்மா. மறக்கலியே அவரு. நான் சொன்னத விட்டுட்டு டூர் வந்தவங்க சொன்னதைக் கேட்டிருக்காரு. அந்த மலையில ஆஸ்பத்திரி கெடையாது. நாளைக்கு வேற யாராவது வேற எதையாவது விடச் சொல்வாங்க. நான் எப்படி நம்பி அழைச்சுட்டுப் போவேன்?"

எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. முடியாதும்மா என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கிருந்து நேரே எடமலைப்பட்டி புதூர். நான் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாய் போனில் சொல்லிவிட்டிருந்தார். நல்லுசாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அங்கயே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேரையும் திட்டிட்டு விட்டிருப்பாரும்மா" என்றார். "நான்தான் சமாளிச்சு வெச்சிருந்தேனே. இப்பப் போயி எதுக்கும்மா சொன்னீங்க?"

எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் சொன்னேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "நான் இன்னொரு தடவ பாய்கிட்ட பேசிப் பாக்கறேங்க" என்றேன்.

"வேணாம்மா" என்று பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பினார். "இதுக்கு மேல எனக்காக நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கெஞ்சினார்.