நாற்பத்தெட்டாம் எண்

இரண்டு மாதமாக, பள்ளியிலிருந்து வந்ததும் என் மகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அம்மா, உனக்கு ரேங்க் போட்டாங்களா?"

மூன்றாம் வகுப்புக்காரி அவளுக்கே ரேங்க் போடுகிறார்கள். அம்மாவுக்கு மட்டும் ஏன் போடவில்லை என்பது அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான் விளங்கவில்லை.

நான் வேலை பார்ப்பது பார்சல் பிரிக்கும் கூடத்தில். சுவரில் பெரிய திரை ஒன்று இருக்கிறது. நிரந்தர ஊழியர்களின் புகைப்படம், அவரவர் ஸ்கேன் செய்த பார்சல் எத்தனை, யார் எத்தனாவது இடம், எல்லாம் அதில் நாள் முழுக்க ஓடும். ஒப்பந்த ஊழியர்களான எங்களுக்குப் புகைப்படமும் கிடையாது, இடமும் கிடையாது, ஊழியர் எண்கூடக் கிடையாது. ஆனால் எண்ணைப் போடாமல் ஸ்கேனர் உயிர் பெறாது. அதனால் விடுப்பில் போனவர்களின் எண்ணை எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். அவளுடைய நாற்பத்தெட்டாம் எண் எனக்கு வந்தது.

அடுத்த மாதம் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சூப்பர்வைசர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"ரேங்க் எழுதுற இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க?"

"எங்களுக்குத்தான் ரேங்க் கிடையாதே சார்."

"அப்புறம் எப்படிம்மா இந்த வேலை கிடைக்கும்?"

விண்ணப்பம் மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நீளும், கை வேகமாகும். வாயை அடக்கியதால் முழுக் கோபமும் கைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை.

என் ஒப்பந்தம் முடிவதற்கு முந்தின நாள், மதியம் பார்சல் ஓடும் பெல்ட்டை நிறுத்தி எல்லோரையும் திரைக்கு முன்னால் வரச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து புது மேனேஜர் அம்மா வந்திருந்தார். மூன்று மாதக் கணக்கில் முதலிடம் பிடித்தவருக்குச் சம்பள உயர்வாம். திரை ஒரு முறை கறுத்து மறுபடி எரிந்தது. உச்சியில் உப்பிய கன்னங்களோடு அக்காவின் படம். எண் நாற்பத்தெட்டு.

"எங்கே இருக்காங்க? முன்னாடி வாங்க!" என்றார் மேனேஜர்.

ஒருவரும் அசையவில்லை. பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அவங்க லீவுல இருக்காங்க மேடம்."

"அதனால என்ன, போன் போடுங்க. நல்ல விஷயத்தை நாமளே சொல்லுவோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். அக்காவின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"நான் முதலிடமா? மேடம், மூணு மாசமா என் பிள்ளையைத் தவிர நான் எதையும் தூக்கலையே!"

கூடமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் போனுக்குள் பிள்ளை வீறிட்டது. அக்கா அதற்கும் மேலே கத்தினாள்.

"என் நம்பர்ல ஒரு பொண்ணு வேலை பார்க்குறா. அவகிட்ட கேளுங்க! சம்பளத்தைக் கூட்டுறதா இருந்தா அவளுக்குக் கூட்டுங்க!"

என் கை தானாக மேலே போனது.

"நான்தான் மேடம். மூஞ்சி அக்காவோடது, கை என்னோடது."

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "இவங்க ஒப்பந்தம் மேடம். இவங்களுக்குச் சம்பளம் குடுக்குறது ஆள் அனுப்புற ஏஜென்சி. நாம உயர்த்த விதியே இல்லை."

"சரி, உயர்த்த வேண்டாம். ஒரு இடம் காலியா இருக்கே, அதுக்கு இவங்க எழுதிப் போடலையா?"

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். இதற்கு மேலும் வாயை அடக்க நான் என்ன சாமியாரா?

"போட்டேன் மேடம். அவர் மேசையில மேலேயிருந்து ரெண்டாவது இழுப்பறை!"

விண்ணப்பம் வந்தது. மேனேஜர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பேனாவை எடுத்து அதில் "1" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சம்பள உயர்வு இரண்டாமிடத்துக்காரருக்குப் போனது. அந்த மனுஷன் குதித்த குதியில் கண்ணாடி கீழே விழுந்தது. "தங்கச்சி, நீ நல்லா இருப்பே!" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டபடியே அதைத் தேடினார்.

திங்கட்கிழமை காலை எனக்கென்று ஒரு எண் வந்தது. திரையில் எல்லோருக்கும் அடியில், பாதிக் கண் மூடிய என் புகைப்படம். பார்சல்: பூஜ்யம். இடம்: இருநூற்றுப் பன்னிரண்டு. உடனே அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, மகளிடம் காட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இருநூத்துப் பன்னெண்டா? மொத்தம் எத்தனை பேரும்மா?"

"இருநூத்துப் பன்னெண்டு."

என் படத்தை விரலால் தட்டினாள்.

"ஆனா போட்டுட்டாங்கல்ல?"

"போட்டுட்டாங்கடி!"

இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தோம். என் வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன, முதல் ரேங்கா?"

"கடைசி ரேங்க்!" என்று இருவரும் சேர்ந்து கத்தினோம்.