மலை ஏறிய கோச்சி

1.

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. "நாலு வயசுப் பிள்ளைகிட்ட தோத்துட்டேன்டா" என்றாள் சுபாஜினி. என்னோடு படித்தவள், கண்டியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டுகள் செய்கிறாள். குரலில் அழுகையா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மஹய்யாவ முன்பள்ளியின் கூரையில் அன்று மழை

(வேண்டாம். மழையில் தொடங்காத கண்டிக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

2.

சுபாஜினி செய்தது மேசை அளவில் ஒரு தொடுதிரை. அதில் ஒரு ரயில், பிள்ளைகள் பேச்சில் கோச்சி, மலை ஏறும். இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வட்டம். இரண்டிலும் ஒரே நேரத்தில் கை இருந்தால்தான் ரயில் நகரும். ஒரு கை விலகினாலும் பின்னுக்கு வழுக்கும். பிள்ளைகள் சேராமல் முடியாது என்று நம்பியிருந்தாள். மஹய்யாவ முன்பள்ளியில் அதை முதலில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தாள்; மறுநாள் கொழும்பிலிருந்து, பணம் போடும் நிறுவனத்தார் பார்க்க வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவங்களுக்கும், அந்தக் குழந்தைக் காப்பகங்களுக்கும், இது போகும். இல்லாவிட்டால் இத்தோடு சரி.

3.

முன்பள்ளியின் நாலு வயசுப் பிள்ளைகள் யுகேஷும் ஸுமைராவும் திரையின் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ரயில் நகர்ந்ததும் யுகேஷ் கைதட்டினான். வழுக்கியது. மறுபடியும் தட்டினான்.

"கைய எடுக்காதடா!"

"நீதான் எடுத்த!"

அவன் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ஸுமைரா கதிரையில் ஏறி, திரைமேல் குப்புறப் படுத்து, கைகளை விரித்து இரண்டு வட்டங்களையும் தொட்டாள். ரயில் உச்சிக்குப் போய்க் கூவியது.

"ஐயோ, தனியாவே ஏத்திட்டாளே!" என்றார் கலாராணி டீச்சர்.

சுபாஜினிக்கு முகம் சுண்டிப்போனது. ஒரே பிள்ளைக்கு எட்டாதபடி இன்றைக்கே வட்டங்களைத் தள்ளி வைக்க வேண்டும்.

4.

ஸுமைரா மீண்டும் படுத்தாள். ரயில் தடதடத்தது. பாதியில், வேண்டுமென்றே, ஒரு கையை எடுத்தாள்.

"யுகேஷ், ஓடி வா! கோச்சி வழுக்குது!"

அவன் பாய்ந்து வந்து வட்டத்தில் கை வைத்தான். அவள் இறங்கித் தன் பக்கம் நின்றுகொண்டாள். ரயில் ஏறியது, இரண்டு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"தனியா ஏத்தத் தெரியுந்தானே, ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள் சுபாஜினி.

"படுத்தா கோச்சி என்ட வயித்துக்குக் கீழ போகுது டீச்சர். பாக்க ஏலாதே."

(ஒரு குழந்தை இப்படிச் சொல்லுமா என்று நான் சந்தேகப்பட்டேன். "நம்பாட்டி போ. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது" என்றாள் சுபாஜினி.)

சேராமல் முடியாது என்று சுபாஜினி வைத்த இரட்டை வட்டப் பூட்டு அங்கே எதையும் செய்யவில்லை. பார்க்கும் ஆசை ஒன்றே இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தச் சின்னக் கதிரையிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

5.

வட்டங்களை அவள் நகர்த்தவில்லை. மறுநாள் வந்தவர்களில் மூத்தவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒரு பிள்ளை தனியாவே ஏத்திரலாம் போலயே?"

"ஏத்தலாம் சேர்," என்றாள். "கொஞ்சம் இருந்து பாருங்க."

அவர்கள் ஒத்துக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். மறுத்ததாக ஒன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அன்றைக்கு விளையாட வந்தவர்கள் வேறு இரண்டு பிள்ளைகள். அந்தத் திரையை அதற்குமுன் பார்த்திராதவர்கள். அவர்கள் கதவருகே செருப்பைக் கழற்றுகிறார்கள். இனி நீங்கள் பாருங்கள்.