அண்டாவில் மிதந்த அண்ணன் தம்பிகள்

மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாரீஸ்வரியின் அறை. இரும்பு ஏணியில் ஏறித்தான் வர வேண்டும். கடை போர்டு, கல்யாண ஆல்பம், காலண்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பாள். அது சோற்றுக்கு. தனக்கென்று அவள் செய்ததே வேறு. எங்கெங்கோ எடுத்த போட்டோக்களை வெட்டிச் சேர்த்து, நடக்கவே முடியாததை நடந்தது போலக் காட்டுவாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே சயான் ஸ்டேஷன் இருக்கும். துணிக்கொடியில் சட்டைகளோடு ஒரு லோக்கல் ரயில் காய்ந்துகொண்டிருக்கும்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் பாத்திரக் கடை சுயம்பு அண்ணாச்சி ஏணி ஏறி வந்தார்.

"தாயி, எங்கப்பா ஆரம்பிச்ச கடைக்கு அம்பது வருசம் ஆகுது. காலண்டர் போடணும். நாங்க அண்ணந்தம்பி மூணு பேரும் அதுல நிக்கணும்."

"ஞாயித்துக்கெழமை மூணு பேரும் வாங்க அண்ணாச்சி. எடுத்துருவோம்."

"சேந்து நிக்க மாட்டோம். நீ கம்ப்யூட்டர்ல நிப்பாட்டிக்கோ."

சகோதரர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஏன் என்பது மட்டும் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. நடுவுள்ளவர் இசக்கிராஜ் அதே கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு மேசையில் உட்கார்ந்திருப்பார். இளையவர் முத்துசெல்வம் செம்பூரில் கிளை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சுயம்பு காலை வெயிலில் வந்து நின்றார். இசக்கிராஜ் இருட்டிய பிறகு வந்து டியூப்லைட்டுக்குக் கீழே முறைத்தார். முத்துசெல்வம் மார்புவரை மட்டும் தெரிகிற செல்பி ஒன்றை அனுப்பினார். மூன்று வெளிச்சத்தையும் ஒன்றாக்கி, நிழல்களைத் திருப்பி, இளையவருக்கு இசக்கிராஜின் காலையே கடன் வாங்கிப் பொருத்தி மாரீஸ்வரி படத்தை முடித்தாள்.

முதலில் முத்துசெல்வம்தான் போன் செய்தார். "மாரி, இது எங்க நடு அண்ணன் காலு. இதை எனக்கு மாட்டாத."

அடுத்து சுயம்பு. "மூத்தவன் நான். கட்டையாத் தெரியுதேன்."

அடுத்து இசக்கிராஜ். "அவுகளுக்கும் எனக்கும் நடுவுல எடம் விடு." இடம் விட்டால், "இவ்வளவு விட்டா ஆளுக என்ன பேசுவாங்க?"

கால் மாறியது. உயரம் மாறியது. இடைவெளி அகன்றது, குறுகியது. முத்துசெல்வம் பின்னால் பனிமலை கேட்டார். மலை வந்ததும், பனிமலையில் வேட்டியோடு எப்படி நிற்பது என்று சுயம்பு சண்டை பிடித்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. போன் அடித்தாலே பல்லைக் கடித்தாள்.

ஒருநாள் கோபம் தாங்காமல் புதிதாக ஒரு படம் தொடங்கினாள். மாஹிமில் அவள் எடுத்து வைத்திருந்த கடல். அதில் வீடளவு பெரிய மூன்று அண்டாக்கள் மிதந்தன. அண்டாவுக்கு ஒருவராக அண்ணன் தம்பி மூன்று பேரும், ஆளுக்கொரு திசை பார்த்து, கரண்டியால் துடுப்புப் போட்டார்கள். வானத்திலிருந்து டம்ளர்கள் மழையாகக் கொட்டின. அலையில் ஒவ்வொருவர் நிழலையும் பொறுமையாக நெளித்தாள். முடித்துப் பார்த்தபோது, அத்தனை நாளில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே வேகத்தில், "இதுதான் நீங்க" என்று எழுதி மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் யோசித்தாள். இனி இந்தத் தெருவில் எவன் வேலை கொடுப்பான்?

மறுநாள் ஏணி அதிர்ந்தது. சுயம்பு வந்தார். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இசக்கிராஜ். பின்னாலேயே செம்பூரிலிருந்து முத்துசெல்வம். அறையில் திரும்ப இடமில்லை. மூவரும் அவளை மட்டும் பார்த்தார்கள்.

"மாரி, பெரியவர்ட்ட கேளு. அவருக்குப் பித்தளை அண்டா, எனக்கு மட்டும் எதுக்கு அலுமினியம்?" என்றார் இசக்கிராஜ்.

"தாயி, அவன்ட்ட சொல்லு. கடைக்குள்ள அலுமினியத்தைக் கொண்டாந்தது யாரு?" என்றார் சுயம்பு.

"என் அண்டா சாஞ்சு கெடக்கு. தண்ணி ஏறுதுன்னு ரெண்டு பேருக்கும் சொல்லு," என்றார் முத்துசெல்வம்.

மாரீஸ்வரி மவுஸை மேசையில் அறைந்தாள்.

"பஸ், போதும்! நடுவுல நான் என்ன தபால்காரியா? மூணு பேருக்கும் வாய் இருக்குல்லா? பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் சாயா குடிச்சிட்டு வாரேன்."

கீழே இறங்கிப் போனாள். ஒரு சாயா குடித்து, அது போதாமல் இன்னொன்றும் குடித்தாள்.

திரும்பி வந்தபோது மூன்று தலைகளும் ஒரே திரையின் மேல் குனிந்திருந்தன. சுயம்புவின் விரல் திரையில் எண்ணெய்த் தடம் பதித்திருந்தது.

"தாயி, மூணையும் ஒரு கயித்துல கட்டிரு," என்றார் அவர். "இல்லன்னா ஆளுக்கொரு பக்கம் போயிரும்."

"கயிறு தளர்வா இருக்கட்டும்," என்றார் இசக்கிராஜ். பிறகு அவளைப் பார்க்காமல், அண்ணனைப் பார்த்து, "இறுக்கினா அலையில அந்துரும்," என்றார்.

சுயம்பு தம்பி பக்கம் திரும்பினார். "ம்," என்றார்.

"முடிச்சு எம்பக்கம் வராமப் பாத்துக்கோ," என்றார் முத்துசெல்வம்.

அப்படியானால் கயிற்றைத் தனியாகப் படமெடுக்க வேண்டும், தண்ணீரில் அதன் நிழல் விழ வேண்டும், மூன்று அண்டாவின் காதுகளையும் மறுபடி திருத்த வேண்டும். மாரீஸ்வரிக்கு அழுகையே வந்தது. இருந்தாலும் செய்தாள். சகோதரர்கள் இறங்கிப் போனபோதும் ஒருவர் ரோட்டின் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாகத்தான் நடந்தார்கள். முத்துசெல்வம் மட்டும் ஏணியடியில் நின்று, சுயம்பு இறங்க ஒரு கை கொடுத்திருந்தார்.

அந்தப் படத்தோடேயே காலண்டர் அச்சாகி வந்தது. தாராவியில் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். புதுவருடம் பிறந்த வாரத்தில் சுயம்பு போன் செய்தார்.

"தாயி, ஆளுக கடைல வந்து அந்த அண்டாதான் வேணும்னு நிக்காங்க. ஆள் உக்கார்ற சைசு எங்க கெடைக்கும்?"

"அண்ணாச்சி, அது கம்ப்யூட்டர்ல பெருசாக்கினது."

"அதை நான் சொன்னா நம்ப மாட்டேங்காங்க. நீயே வந்து சொல்லு."

மாரீஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு செருப்பைத் தேடி மாட்டினாள்.