ஆம்ப்ரோஸ் தந்த வெயில்

பக்கத்து வீட்டுச் செர்ரி மரத்தைத் திட்டுவது என் அக்கா ஹெஸ்டருக்குப் பல வருடப் பழக்கம். மதிலருகே அந்த வீட்டு ஆம்ப்ரோஸைப் பார்த்தால் முதலில் மழை பற்றிப் பேச்சு. அது தீர்ந்ததும் மரம். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷைர் பக்கம் ஒருவரோடு நின்று பேச ஆசையாயிருந்தால் அதை நேராகச் சொல்லிவிட முடியாது. எதையாவது குறை சொல்லிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

“உங்க மரத்துப் புறா என் துணியெல்லாம் நாசம் பண்ணுது, ஆம்ப்ரோஸ்.”

“மன்னிச்சுக்கங்க ஹெஸ்டர். ஏதாவது பண்றேன்.”

அவர் எதுவும் பண்ண மாட்டார் என்ற தைரியத்தில்தான் அவள் சொல்வாள். அவர் மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அக்காவும் தனியாள்தான்.

அந்த மரத்தின் நிழலில்தான், வெயில் ஆகாத அவளுடைய ஹோஸ்டா செடிகள் இருந்தன. அகலமான பச்சை இலை, ஓரமெல்லாம் பால் வெள்ளை. வெள்ளையில்லாமல் முழுப் பச்சையாக ஒரு தளிர் வந்தால் அடியோடு எடுத்துவிடுவாள். விட்டால் செடி முழுக்க அதுவே பரவிவிடும். இலையைத் தின்னும் நத்தைகளைச் சாயங்காலங்களில் கையாலேயே பொறுக்குவாள். எல்லாம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக. அன்று ஊரில் எல்லாத் தோட்டங்களும் திறந்திருக்கும். யாரும் வந்து பார்க்கலாம், தேநீர் குடிக்கலாம்.

இந்த வருடம் அதற்கு ஒரு வாரம் முன்புவரை என் வீட்டில் தங்கியிருந்தாள். திரும்பும்போது நானும் கூடப் போனேன். தோட்டத்துக் கதவைத் திறந்தால் கண் கூசியது. மரம் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ், முகமெல்லாம் சிரிப்பு.

“எத்தனை வருஷமா சொல்றீங்க! ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடணும்னு ஆள் வெச்சு வெட்டிட்டேன்.”

“எவ்வளவு அன்பு உங்களுக்கு!” என்ற அக்கா, உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நாற்காலியில் சரிந்தாள். “என் செடி போச்சுடி, நெல்!”

“அவர்கிட்டயே சொல்லேன்.”

“பரிசு குடுத்துட்டு நிக்கிற மனுஷன்கிட்ட எப்படிடி சொல்றது?”

“இத்தனை வருஷம் திட்டினியே?”

“அது திட்டா? அது பேச்சுடி!”

வராத வெயில் அந்த வாரம் பார்த்து வந்தது. பழைய படுக்கை விரிப்புகளைக் கொம்பு நட்டுக் கட்டினோம். ஆம்ப்ரோஸின் தலை மதில் மேல் தெரிந்தபோதெல்லாம், அவர் மனம் நோகுமே என்று அக்கா ஓடிப்போய் அவற்றை உருவிவிடுவாள். வெள்ளை ஓரங்கள்தான் முதலில் கருகின. ஞாயிறு காலையில் கருகாத இலை ஒன்றுகூட இல்லை.

பெரிய தொப்பி வைத்த ஒரு பெண்மணி செடிகளின் முன் அசந்து நின்றாள். “அடேயப்பா, மூணு நிறம்! பச்சை, வெள்ளை, அதுக்கும் வெளியில காப்பிப்பொடி! இந்த ரகம் நான் பார்த்ததே இல்ல. பேர் என்ன?”

பக்கத்தில் ஆம்ப்ரோஸ், தேநீர்த் தட்டோடு பெருமையாக நின்றார். செடி விஷயத்தில் மட்டும் அக்காவுக்குப் பொய் வராது.

“ஆம்ப்ரோஸின் அன்பு,” என்றாள். “நிழல்ல இருந்ததை வெயில்ல விட்டா ஓரம் இப்படி ஆகும்.”

அந்தப் பெண்மணி பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். ஆம்ப்ரோஸ் இலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வெட்டிய மரம் நின்ற இடத்தைப் பார்த்தார்.

“மரம் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஹெஸ்டர்?”

“மரம் இல்லேன்னா உங்ககிட்ட நின்னு பேச எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?” சொல்லிவிட்டு, கழுத்துவரை சிவந்து போனாள்.

அவர் தட்டை என் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். கோபம் என்றே நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில், சாவு வீட்டுக்கு எடுத்துப்போகும் பெரிய கறுப்புக் குடை. செடிகளுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். வந்தவர்கள் செடியை விட்டுவிட்டு அவரைப் படம் எடுத்தார்கள்.

“இலையுதிர் காலம் வந்ததும் வேற மரம் நட்டுடறேன்,” என்றார் ஆம்ப்ரோஸ்.

“அது நிழல் குடுக்க இருபது வருஷம் ஆகுமே,” என்றபடி அக்காவும் குடைக்குள் வந்து நின்றாள். “குடையைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலையே உங்களுக்கு. என் தோள் காயுது பாருங்க.”

குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.