பிடரி

குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பஸ்மினாவின் தலையை இரண்டாம் முறை மோதியபோது பிடரிக்குள் ஏதோ நொடித்தது. புருசன் ஸஜாத் அதற்குப் பிறகுதான் அவள் கூந்தலை விட்டான்.

"வீட்ட வித்துத் தா எண்டா வித்துத் தரணும். லொறி எடுத்தா உனக்குந்தானே சோறு?"

வீடு அவளுடையது. கலியாணத்துக்கு உம்மா கட்டிக்கொடுத்தது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ஸாலிஹா உம்மா பின்வளவில் தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் எந்த அடி விழுந்தாலும் அந்தப் பக்கம் கேட்கும். கேட்டும் அவள் வரவில்லை.

விடிந்தபோது பஸ்மினாவால் தலை தூக்க முடியவில்லை. இடது தோளிலிருந்து பெருவிரல் வரை நெருப்புக் கம்பி ஓடியது. அபாயா வெட்டும் கத்தரிக்கோல் கையில் நிற்காமல் விழுந்தது.

"உம்மா, ஆசுபத்திரிக்குப் போவம்."

"அங்க போனா எப்பிடி வந்த எண்டு கேப்பாங்க. மறுகா ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும். தையல் மெசின்ல குனிஞ்சு குனிஞ்சு வந்த நோவுதானே புள்ள? பரிசாரி கழுத்தத் திருப்பி ஒரு நொடி எடுத்தாச் சரியாப் போகும்."

உளுக்குச் சுளுக்கு எடுக்கிற நாட்டு வைத்தியர் மீராசா பரிசாரி வந்தார். அவளைக் கதிரையில் இருத்தி, பிடரியில் எண்ணெய் தேய்த்தார்.

"எங்கயும் விழுந்த, அடிபட்ட ஒண்டும் இல்லியே?"

"என்ன அடி? தைச்சுத் தைச்சு வந்த நோவு," என்றான் ஸஜாத்.

பஸ்மினா உம்மாவைப் பார்த்தாள். உம்மா முந்தானையைப் பார்த்தாள்.

"மருமகன், தோளை இறுக்கிப் பிடிங்க. ஆடப்படாது."

அதே கைகள் மறுபடி அவள் மேல் விழுந்தன. அவள் துள்ளினாள். "விடுங்க! இவர்தான்..." சொல்லி முடிக்கவில்லை. ஸஜாத் ஒரு கையால் அவள் வாயைப் பொத்தினான். பரிசாரி அவள் தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் சுண்டினார்.

சடக்.

கண்ணுக்குள் வெள்ளை வெடித்தது. இடது கை செத்த மீன் மாதிரித் தொங்கியது. பிறகு கால்களும் துணியாயின. அவள் கதிரையோடு சரிந்தாள். பரிசாரி எண்ணெய்க் கையோடு நின்றார். ஸஜாத் குனிந்து, "நடிக்காத, எழும்பு!" என்று அவள் விலாவில் உதைத்தான். அப்போதுதான் ஸாலிஹா உம்மா கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஓட்டோ பிடித்தாள்.

ஆசுபத்திரியில் பஸ்மினாவின் கழுத்தில் கெட்டியான பட்டி போட்டு, படம் எடுத்தார்கள். பரிசாரி கழுத்தைச் சுண்டியதை மட்டும் உம்மா சொல்லியிருந்தாள். டொக்டர் யதுசா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கழுத்தெலும்பு வெடிச்சு விலகி நரம்ப நசிக்குது. முதலே அசையாமக் கொண்டுவந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. வெடிச்ச கழுத்த ஆராவது முறிப்பாங்களா? இண்டைக்கே ஒபரேசன் செய்யணும். கால் திரும்பி வரும் எண்டு நம்புறன். கையப் பத்தி இப்ப சொல்ல ஏலா."

"மெசின்ல குனிஞ்சு..." என்று உம்மா தொடங்கினாள்.

"அம்மா, தைச்சு எலும்பு வெடிக்காது. நீங்க சொல்லுங்க பஸ்மினா. எப்பிடி நடந்தது?"

"வழுக்கி விழுந்த புள்ள, டொக்டர்." உம்மா மகளின் இடது கையைப் பிடித்து அழுத்தினாள். அழுத்தியது பஸ்மினாவுக்குத் தெரியவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தன் கையை இன்னொருத்தியின் கை போலப் பார்த்தாள்.

இல்லை என்று தலையாட்டப் பட்டி விடவில்லை.

"சுவத்துல அடிச்சவன். ஸஜாத். இது முதல் தரமும் இல்ல. எங்கும்மாக்கும் தெரியும்."

"மகள்! மானம்..."

"என்ட கை உம்மா. பாருங்க, என்ட கை!"

டொக்டர் தாதியைப் பார்த்து, "ஆசுபத்திரிப் பொலிஸ் போஸ்டுக்குச் சொல்லுங்க," என்றார்.

பின்னாலேயே வந்து வெளியே நின்ற ஸஜாத்துக்கு அது கேட்டுவிட்டது. "என்ன கதைக்கிறாள் அவ?" மூடிய கதவு அதிர்ந்தது. தாதி பின்வாங்கினாள். "மாமி, திறங்க! உங்கட மகள வெட்டிப் போடுவன்!"

ஸாலிஹா உம்மா எழும்பினாள். மகளின் கையை மெத்தையில் வைத்தாள். கதவோடு முதுகைச் சாத்தி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நின்றாள். அவன் இடித்த ஒவ்வொரு இடியும் அவள் தோளில் விழுந்தது. அவள் நகரவில்லை.