சேவல், அலை, குறட்டை

மணிலாவில் இரவு வேலை முடிந்து அறைக்கு வரும்போது காலை ஏழரை ஆகியிருக்கும். கீழ்க்கட்டிலில் இரவு படுத்தவன் எழுந்து போயிருப்பான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலுக்கு இரண்டு பேர் வாடகை கொடுக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். அவன் விட்டுப்போன சூட்டிலேயே நானும் படுத்துவிடுவேன். செவ்வாயும் வியாழனும் மட்டும் படுக்க முடியாது. எட்டரைக்கு வகுப்பு. வகுப்பு எனக்கில்லை, டியோனலுக்கு.

டியோனல் என் பெரியம்மா மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். சொந்த ஊர் கத்தாண்டுவானெஸ் தீவு. சரக்குக் கப்பலில் கயிறு இழுத்துக்கொண்டே இணையவழியில் கடலறிவியல் பட்டம் படித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பருவம். பட்டம் வந்துவிட்டால் கப்பலை விட்டு இறங்கி, தீவிலேயே மீன்வள அலுவலகத்தில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் நடுக்கடலில் சிக்னல் கிடையாது. நான்கு வகுப்புக்கு மேல் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"சும்மா உக்காந்தா போதும்டா. பரீட்சைய நான் பாத்துக்கறேன். எப்படியும் பகல்ல பொணமாட்டம் தூங்கத்தானே போற, அத அங்க உக்காந்து தூங்கு" என்றான். தன் மடிக்கணினியையும் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் பொறியியல் கல்லூரியை மூன்றாம் ஆண்டில் விட்டவன். காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல நல்ல கதை எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பரீட்சையன்று தூங்கிவிட்டேன். அடுத்ததற்கும் எழுந்திருக்கவில்லை. இப்போது இரவெல்லாம் தொலைபேசியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி அறை மாற்றிக் கொடுக்கிறேன்.

பாடம் நடத்தியவர் தபாயோயோங் மேடம். லகுனாவில் ஏதோ மலைச்சரிவில் வீடு. பாதிப் பேர் காமிராவைத் திறந்தால் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்று புலம்பியதால், வருகைப்பதிவுக்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். பெயரைக் கூப்பிடுவார். மைக்கைத் திறந்து பத்து நொடி பேசாமல் இருக்க வேண்டும். நம்மைச் சுற்றி என்ன கேட்கிறதோ அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். கூப்பிடும் வரிசைகூட அகரவரிசை இல்லை. யாருக்கு முதலில் விடிகிறதோ அவர் முதலில். கிழக்கே மாட்டி ஊர்ப் பெண்ணில் தொடங்கி, அடுத்து டியோனல், அப்படியே மேற்கே நகர்ந்து, ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் மரிஃபே அக்கா, கடைசியில் கத்தாரில் ஒருவர். அவருக்கு அப்போது விடியவே விடியாது. மணி மூன்றரை.

இரண்டாம் வாரம் ஒரு பையனிடம், "என்னப்பா, வீடு மாத்திட்டியா? ஐஸ் பாக்டரிய காணோம்" என்று கேட்டுவிட்டார். என் ஜன்னலுக்கு நேராக மேம்பாலத்தில் மின்ரயில் ஓடுகிறது. தீவில் ஏது ரயில்? டியோனலுக்குச் செய்தி அனுப்பினேன். கரைக்கு வந்தபோது வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்பினான். சேவல், அலை, பன்ட்டாய் என்கிற நாயின் குரைப்பு, ஆறாவது நிமிடத்தில் சலூத் பெரியம்மா நாயைத் திட்டுவது. வாரம் ஓர் இடத்திலிருந்து ஓடவிட்டு, கைப்பேசியை மைக்குக்குப் பக்கத்தில் வைப்பேன்.

சத்தியமாக அதன் பிறகு தூங்கத்தான் நினைத்தேன். நடந்தது வேறு.

முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கன்னம் மேஜையில் இருக்கும். ஒவ்வொரு பெயராக வரும், ஒவ்வொரு பத்து நொடியாக ஓர் இடம் திறந்து மூடும். முப்பத்தியொரு இடங்கள். மாட்டியில் தேங்காய் உரிக்கும் சத்தம். அதற்கு அடுத்த வீட்டில் எங்கள் சேவல். அதை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரி வராந்தா, சக்கர நாற்காலி உருளும். அந்த வராந்தா முடிகிற இடத்தில் மரிஃபே அக்காவின் முதலாளி வீட்டுச் சமையலறை, குழாயில் தண்ணீர் விழும். எல்லாவற்றுக்கும் கடைசியில் கத்தார்க்காரரின் அறை, எட்டுப் பேர் மூச்சு. என் மண்டைக்குள் அது ஓர் ஊராகிவிட்டது. தெருவெல்லாம் எனக்குத் தெரியும். அதன்மேல் மேடத்தின் குரல் காற்றழுத்தம், நீரோட்டம், நிலவின் இழுப்பு என்று மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த ஊரின் தெருவில் நிலா கடலைச் சட்டைக்காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். விழித்தபோது அலையேற்றம் ஏன் ஒரு நாளில் இரண்டு முறை வருகிறது என்று எனக்குப் புரிந்திருந்தது. கல்லூரியில் மூன்று வருடம் விழித்திருந்தும் அப்படி எதுவும் புரிந்ததில்லை.

வாரத் தேர்வுகளை நானே தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். டியோனலுக்குச் சொல்லவில்லை.

மரிஃபே அக்கா எங்கள் பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. ஊரை விட்டுப் பத்து வருடம். டியோனலை அரை டிராயரில் பார்த்ததோடு சரி. வகுப்பு நடக்கும்போதே எழுத்தில் வம்பு இழுப்பாள்.

"தம்பி, உங்க வீட்டுச் சேவல் ஒன்பது மணிக்குத்தான் எந்திரிக்குமா? உங்க பரம்பரையே அப்படித்தானே."

"நாங்கல்லாம் ராசா வீட்டுச் சேவலுக்கா" என்று எழுதுவேன்.

"பன்ட்டாய் இன்னும் அடங்கலபோல."

"உங்க அம்மா மீன் போட்டுப் போட்டுக் கெடுத்துட்டாங்க." இதை டியோனல் எப்போதோ சொல்லியிருந்தான்.

பன்னிரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை இரவு, தீவின்மேல் புயல் ஏறியது. புதனன்று மின்சாரம் இல்லை, கோபுரங்கள் விழுந்துவிட்டன என்று செய்தி. பெரியம்மாவை நானும் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. டியோனலின் கப்பல் எங்கோ ஒரு குடாவில் ஒதுங்கியிருந்தது, அவனும் கிடைக்கவில்லை. அன்று இரவு வேலையில் ஓயாத அழைப்புகள். மணிலாவுக்கு வரலாமா, நீச்சல்குளம் திறந்திருக்குமா என்று கேட்டார்கள். திறந்திருக்கும் என்று நாற்பது பேருக்குச் சொன்னேன்.

வியாழன் காலை வந்து உட்கார்ந்தபோது கண்ணுக்குள் மணல். மேடம் வழக்கம்போலத் தன் ஜன்னலைத் திறந்து மூங்கில் உரசுவதைக் கேட்க வைத்தார். மாட்டிப் பெண்ணைக் கூப்பிட்டார். தேங்காய் உரிக்கும் சத்தம். அடுத்து, கொஞ்சம் தயங்கி, "டியோனல் அப்ரெனிகா" என்றார்.

யோசித்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். தீவில் யாருக்கும் இணைப்பு இல்லை, வராதது குற்றமே ஆகியிருக்காது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. இத்தனை வாரப் பழக்கத்தில் அதுவாகவே மைக்கைத் திறந்தது, அதுவாகவே பதிவைத் தட்டியது.

சேவல் கூவியது. சின்ன அலை ஒன்று கரையேறித் திரும்பியது. வெயிலடிக்கும் காலையின் சத்தம். பன்ட்டாய் குரைத்தது. பெரியம்மா, "ஏய், அத விடு! விடுங்கறேன்ல, சனியனே!" என்றாள்.

பத்து நொடிக்குள் யாரும் பேசக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். மரிஃபே அக்கா அதை உடைத்தாள்.

"சலூத் அக்கா! அது சலூத் அக்கா குரல்! தம்பி, உங்களுக்கு லைன் இருக்கா? வீடு இருக்கா? ஐயோ மேடம், மன்னிச்சுக்குங்க... தம்பி, எங்க அம்மா! ரெண்டு நாளா கிடைக்கல. ரெண்டு வீடுதான்டா, எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுடா. ஓடுடா!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் குழாய் திறந்தே கிடந்தது. எழுத்துப்பெட்டியில் வரிசையாக வந்து விழுந்தன: கடவுளுக்கு நன்றி, டியோனல் நீ நல்லா இருக்கியா, படகுத்துறை இருக்கா, என் மாமா அங்க வீராக் டவுன்ல இருக்கார்.

எனக்கு முழு விழிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு.

'நல்லா இருக்காங்கக்கா' என்று எழுத மூன்று நொடி போதும். நன்றாகவே இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் டியோனலின் பட்டம் போய்விடும், மீன்வள அலுவலக நாற்காலி போய்விடும். எனக்கு அந்த ஊர் போய்விடும். முப்பத்தியொரு வீடும். அந்தக் காலையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஜன்னலில் ரயில் வந்தது. கைப்பேசியை நிறுத்தினேன். மைக்கை மூடவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடியும்வரை எல்லாரும் கேட்டார்கள்.

"அக்கா, நான் டியோனல் இல்ல. ரெனான்டே, அவன் சித்தி பையன். இங்க மணிலாவுல, மண்டலுயோங்ல இருக்கேன். அது பழைய பதிவு. ரெண்டு மாசத்துக்கு முன்னால எடுத்தது. அங்க என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியாது."

குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"பதிவா?"

"ஆமாக்கா."

"ஒரு நிமிஷம் எங்க அம்மா உயிரோட இருந்தாங்கடா" என்றாள். கத்தவில்லை. "நாயே, ஒரு முழு நிமிஷம்."

அவள் பெட்டி அணைந்தது.

மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்கடுத்ததை. மேற்கே, மேற்கே, கத்தார் வரை. அன்று யாருடைய பத்து நொடியும் ஊராகச் சேரவில்லை. தனித்தனிச் சத்தங்கள், அவ்வளவுதான். பாடத்தை விட்டுவிட்டு, தீவில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு எந்த எண்ணைக் கூப்பிடலாம் என்று படித்துச் சொல்லி முடித்தார்.

"ரெனான்டே மட்டும் இரு" என்றார்.

எல்லாரும் போன பிறகு நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மூணாவது வாரம் எழுதி வெச்சிருக்கேன். டியோனல்: சேவல், அலை, குறட்டை. அஞ்சாவது வாரம்: சேவல், அலை, ரயில். ரயிலுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. கத்தாண்டுவானெஸ்ல ரயில் எப்ப விட்டாங்கன்னு கேக்கணும்னு இருந்தேன்."

"ஏன் மேடம் கேக்கல?"

"பரீட்சைல கேக்கலாம்னுதான். வாரத் தேர்வு யார் எழுதினது?"

"நான்தான்."

"அலையேற்றக் கேள்விக்குப் பதில் சரி. எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு." நோட்டை மூடினார். "டியோனல் பேர இன்னைக்கே எடுத்துடுவேன். அதுல எனக்கு வேற வழி இல்ல. அவன்கிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

டியோனல் ஐந்தாம் நாள் கூப்பிட்டான். பெரியம்மா பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாள். கூரை போய்விட்டது. பன்ட்டாயைக் காணவில்லை. மரிஃபேயின் அம்மாவுக்குக் கை உடைந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அவன் சொல்லி முடித்த பிறகு நான் சொன்னேன். அடுத்த வாரம் மடிக்கணினியை எடுத்துப்போக நேரில் வந்தான். வாசல் நிலையிலேயே நின்றான்.

"நல்லா இருக்காங்கன்னு சொல்லியிருக்கலாம்ல. நல்லாத்தானே இருந்தாங்க."

"சொல்லியிருக்கலாம்."

"இன்னும் ஒரு வருஷம் கயிறு இழுக்கணும் நான். அந்த ஆபீஸ் வேலைய அதுவரைக்கும் எனக்குன்னு பொத்தி வெச்சிருப்பானா?"

"மாட்டான்."

"வாயத் தொறந்து மன்னிப்பாவது கேளேன்டா."

"கேட்டா தருவியா?"

"மாட்டேன்." கணினியைப் பைக்குள் திணித்தான். "நீ பாதில விட்ட ஆளு. என்னையும் விட வெச்சுட்ட" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவன் சொன்னது சரிதான்.

அடுத்த செவ்வாய் காலை கட்டிலில் படுத்துக் கிடந்தேன். எட்டரை ஆனது. தூக்கம் வரவில்லை. கைப்பேசியில் பழைய இணைப்பைத் தட்டினேன். பெயர் கேட்டது. என் பெயரை எழுதினேன். 'உள்ளே அனுமதிக்கும்வரை காத்திருக்கவும்' என்று வந்தது. அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு ரயில் போனது. பிறகு எந்தச் சொல்லும் இல்லாமல் திறந்தது, மூங்கில் சத்தம் உள்ளே வந்தது.

மாட்டிப் பெண்ணுக்குப் பிறகு மேடம் யாரையும் கூப்பிடவில்லை. டியோனலின் பத்து நொடியை அப்படியே ஓடவிட்டார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி வராந்தா. என் பெயர் பட்டியலில் இல்லை. வரவும் வராது. பரீட்சையும் எனக்குக் கிடையாது. மைக்கை மூடியே வைத்திருந்தேன்.

மேற்கே வந்தபோது, "மரிஃபே" என்றார்.

குழாய்ச் சத்தம் வரும் என்று காதை வைத்திருந்தேன். சட்டத்தை அவள் இரண்டாவது முறையாக உடைத்தாள்.

"மேடம், இது பதிவு. முன்கூட்டியே சொல்லிடறேன். இல்லன்னா ரயில்காரன் மாதிரி ஆயிடும்."

யாரோ மைக்கை மூட மறந்து சிரித்தார்கள். பிறகு அவள் ஓடவிட்டாள். தகரத்தில் சுத்தியல். இரண்டு மூன்று பேர் சேர்ந்து அடிக்கிறார்கள். ஆணி இறங்க இறங்க ஒலி தடித்துக்கொண்டே வருகிறது. ஒரு கிழவியின் குரல், "கோணலா போகுது, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று திட்டுகிறது. எங்கோ பின்னால் அலை. சேவல் இல்லை.

பத்து நொடிக்கு மேலேயே ஓடியது. மேடம் நிறுத்தச் சொல்லவில்லை. பேனா உரசுவது கேட்டது. கத்தார்க்காரரின் முறை வருவதற்குள் நான் தூங்கிப்போயிருந்தேன்.